கைலேஸ் போலத் தோன்றும் இயந்திர எம்பிராய்டரி: நூலைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசர் தாளின்மேல் எம்பிராய்டரி இயந்திரத்தால் தைத்து, பிறகு அந்தத் தாளைக் கரைத்துவிட்டால், அடியில் துணியே இல்லாமல் நூல் மட்டும் லேஸாக நிற்கும். இதைச் செய்து பார்த்தவர்கள் பலரும் ஒரு ஏமாற்றத்தைச் சந்தித்திருப்பார்கள். டிசைன் நேர்த்தியாக இருக்கும், தையலில் பிழை இருக்காது, ஆனாலும் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் எவரும் "மிஷின் லேஸா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர்கள் தையலை ஆராய்ந்து அப்படிக் கேட்பதில்லை. நூலின் பளபளப்பும், மாவு போன்ற வெண்மையும், தடித்து விறைத்து நிற்கும் விளிம்பும் அவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகின்றன. இந்த மூன்று குறைகளும் பெரும்பாலும் நூல் வாங்கும் இடத்திலேயே தொடங்குகின்றன.

இயந்திர லேஸ் எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுவிட்சர்லாந்தின் இசாக் கிரோப்லி 1863இல் ஷிஃப்லி எம்பிராய்டரி இயந்திரத்தை உருவாக்கினார். அதன்பின் 1880களில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரிலும் ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள பிளவுன் நகரிலும், பட்டுத்துணியின்மேல் பருத்தி நூலால் தைத்து, அடித்துணியை வேதிப்பொருளால் அரித்து நீக்கும் முறை பரவியது. பட்டு ஒரு புரதம் என்பதால் காரத்தில் கரைந்துவிடும்; பருத்தி கரையாமல் நிற்கும். அன்று பருத்தியைத் தவிர்க்க முடியாமல் செய்தது வேதியியல் என்றாலும், அந்த லேஸ் கைவேலையோடு போட்டியிட முடிந்ததற்கும் அந்தப் பருத்தியே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பிளவுன் லேஸ் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் உயரிய பரிசையும் பெற்றது. இன்று நாம் பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன தாளை வெறும் தண்ணீரில் கரைக்கிறோம். எந்த நூலை வேண்டுமானாலும் போடலாம் என்ற சுதந்திரம் வந்துவிட்டது. தவறான நூலைப் போடும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வந்தது.

முதல் படி: எந்த லேஸைப் பின்பற்றுகிறோம் என்பதை முடிவு செய்தல்

"கைலேஸ்" என்பது ஒரே பொருள் அல்ல. வெனிஸ், புரானோ, பிரான்சின் அலான்சோன் ஆகிய ஊர்களின் லேஸ் ஊசியால் கண்ணி கண்ணியாகத் தைக்கப்படுவது. பெல்ஜியத்தின் புரூஜ், இங்கிலாந்தின் ஹானிட்டன் ஆகிய ஊர்களின் லேஸ், திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பள்ளிச் சிறுமியருக்குக் கற்றுக்கொடுத்ததும், இலங்கையின் காலிப் பகுதியில் இன்றும் பின்னப்படுவதும் இந்த இரண்டாவது வகையே. அயர்லாந்தின் பெயர்பெற்ற லேஸ் வகை ஒன்றோ குரோஷே கொக்கியால் பின்னப்படுவது.

இந்த வேறுபாடு நூலைத் தேர்வதில் நேரடியாகக் கைகொடுக்கும். பழைய ஊசி லேஸுக்கும் திண்டு லேஸுக்கும் அடிப்படை மிக மெல்லிய ஆளிநார் நூல், அதாவது லினன். பிற்காலத்தில் அந்த இடத்தைப் பருத்தி பிடித்துக்கொண்டது. எனவே இவற்றைப் பின்பற்றும்போது மங்கலான, மெல்லிய பருத்தி நூல் பொருந்தும். ஐரிஷ் குரோஷே லேஸ் புடைத்த பூக்களையும் தடித்த ஓரங்களையும் கொண்டது; அதற்குச் சற்றுத் தடித்த பருத்தி வேண்டும். மால்டாத் தீவின் லேஸ் தேன்நிறப் பட்டில் பின்னப்பட்டது. பிரான்சின் "பிளாண்ட்" லேஸ் மினுங்கும் வெளிர்ப் பட்டு. இந்த இரண்டுக்கும் பளபளப்பு ஒரு குறையே அல்ல. பட்டு நூலோ, அது கட்டுப்படியாகாவிட்டால் ரேயானோ இங்கே சரியான தேர்வு. கறுப்பு ஷான்டிலி லேஸ் மட்டும் ஒரு பொறி. அதுவும் பட்டுதான் என்று எண்ணிப் பலர் மினுங்கும் கறுப்பு ரேயானை எடுக்கிறார்கள். ஆனால் அதற்குப் பயன்பட்டது மினுமினுப்பு இல்லாத, மங்கலான பட்டு நூல். கறுப்புப் பருத்தி அதற்கு எவ்வளவோ நெருக்கமாக இருக்கும்.

வெள்ளை நிறத்தில் பாபின் லேஸை, அதாவது திண்டு லேஸை ஒத்த ஒரு துண்டைச் செய்வதாக வைத்துக்கொண்டு மேலே செல்வோம். பெரும்பாலோர் விரும்புவது அதைத்தான்.

இரண்டாம் படி: இழையைத் தேர்தல்

எம்பிராய்டரிக்கென்று கடையில் முதலில் எடுத்துக்காட்டப்படுவது ரேயான் அல்லது பாலியஸ்டர். இரண்டுமே ஒளியைத் திருப்பி அடிப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. எம்பிராய்டரிக்கான பாலியஸ்டர் இழை பலவற்றின் குறுக்குவெட்டு முக்கோண வடிவில் இருப்பதே அந்த மினுமினுப்புக்காகத்தான். துணியின்மேல் ஒரு பூவைத் தைக்கும்போது அது அழகு. லேஸில் அதுவே காட்டிக்கொடுக்கும்.

பளபளப்பைவிட முக்கியமான வேறு இரண்டு காரணங்களும் உண்டு. பாலியஸ்டர் இழுவிசையில் சற்று நீண்டு, பிறகு சுருங்கித் தன் நிலைக்குத் திரும்பும். துணி இருந்தால் அது அந்தச் சுருக்கத்தைத் தாங்கும். தாளைக் கரைத்தபின் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் லேஸின் விளிம்பு கிண்ணம்போல் மேலெழும்பும். ரேயானின் சிக்கல் வேறு. ஈரத்தில் அதன் வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். லேஸை நீரில் அலசிப் பிசுபிசுப்பைக் களைய வேண்டிய அதே நேரத்தில் நூல் மிக நொய்மையாக இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பருத்தி இதற்கு நேர்மாறு: நனைந்தால் அதன் வலிமை கூடும். இந்த ஒரு குணத்துக்காகவே நான் பருத்தியைப் பரிந்துரைப்பேன்.

லினன்தான் மூலம் என்றால் லினனையே போடலாமே என்று கேட்கலாம். இயந்திரத்தின் வேகத்தில் அதன் முடிச்சுகளும் விறைப்பும் ஊசிக்கண்ணில் சிக்கித் தொல்லை தரும். ஒரு முறை முயன்று பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பிப் பெரிய வேலையில் இறங்க வேண்டாம். தையற்கடைகளில் எங்கும் கிடைக்கும் சாதாரண ஸ்பன் பாலியஸ்டர் நூல் மங்கலாகப் பருத்தியைப் போலவே இருக்கும். பயிற்சித் துண்டுகளுக்கு அது போதும். ஆனால் அதன் பிசிறு லேஸின் துளைகளை மூடி, முழுத் துண்டையும் புகைபடிந்ததுபோல் காட்டும்.

"காட்டன்" என்று சீட்டில் எழுதியிருப்பதை நம்பி வாங்காமல் ஒரு சாண் நூலை எரித்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய தட்டின்மேல், இடுக்கியால் பிடித்து எரிக்க வேண்டும். பருத்தி காகிதம்போல் எரிந்து, தொட்டால் பொடியாகும் மென்சாம்பலை விடும். பாலியஸ்டர் சுடரிலிருந்து சுருங்கி விலகி, உருகி, கடினமான மணியாக உறையும். ரேயானும் காகிதம்போலவே எரியும் என்பதால் பருத்தியையும் ரேயானையும் இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. ஒரு துண்டை நனைத்து இழுத்துப் பாருங்கள், ரேயான் எளிதில் அறுந்துவிடும்.

மூன்றாம் படி: நூல் எண்ணைப் படித்தல்

இங்கே குழப்பம் மிகுதி. எனவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எம்பிராய்டரி நூலில் "40" என்று இருந்தால், 40 கிலோமீட்டர் நூலின் எடை 1 கிலோ என்பது பொருள். எண் கூடக் கூட நூல் மெலியும். டெக்ஸ் என்ற அளவு இதற்கு எதிர்த்திசையில் செல்வது: 1,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெக்ஸ். ஆகவே 40ஆம் எண் நூல் 25 டெக்ஸ், 50ஆம் எண் 20 டெக்ஸ், 60ஆம் எண் ஏறத்தாழ 16.7 டெக்ஸ். டெனியர் என்பது 9,000 மீட்டரின் எடை. "120/2" என்று அச்சிட்ட ரேயான் 120 டெனியர் கொண்ட இரண்டு புரிகள், அதாவது 240 டெனியர், அதாவது சுமார் 26.7 டெக்ஸ். கடைக்காரர் அதை "40 நம்பர்" என்று கொடுப்பது அதனால்தான்.

பருத்தியில் நம் நூற்பாலைகள் பழகிய கவுண்ட் முறை வேறு. அதில் 590.5ஐக் கவுண்ட்டால் வகுத்தால் ஒரு புரியின் டெக்ஸ் கிடைக்கும். அதைப் புரிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 50/2 என்றால் 23.6 டெக்ஸ். 50/3 என்றால் 35.4 டெக்ஸ். இரண்டு கண்டுகளிலும் "50" என்றே பெரிதாக அச்சிட்டிருப்பார்கள்; ஆனால் ஒன்று எம்பிராய்டரி நூலுக்கு நெருக்கமானது, மற்றொன்று தையலுக்குரிய தடித்த நூல். 60/2 என்பது 19.7 டெக்ஸ், 80/2 என்பது 14.8 டெக்ஸ். எண்ணைக் கேட்டு வாங்குவதைவிட, அது எந்த முறையைச் சேர்ந்தது, எத்தனை புரி என்று கேட்டு வாங்குவதே சரி. இத்தாலியின் ஆரிஃபில் நிறுவனத்தின் 50ஆம் எண் மாக்கோ நூல் இரண்டு புரி கொண்டது. ஜெர்மனியின் மடெய்ரா நிறுவனம் காட்டோனா என்ற பெயரில் எம்பிராய்டரிக்கென்றே பருத்தி நூல் தயாரிக்கிறது. இவற்றை வாங்கினாலும் சரி, உள்ளூர் மெர்சரைஸ்டு (காரத்தில் பதப்படுத்திய) பருத்தியை வாங்கினாலும் சரி, டெக்ஸுக்கு மாற்றிப் பார்த்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தலாம்.

விற்பனையில் உள்ள லேஸ் டிசைன்களில் பெரும்பாலானவை 40ஆம் எண் நூலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. ஆகவே 23.6 டெக்ஸ் உள்ள 50/2 பருத்தியை எடுத்தால் டிசைனில் எதையும் மாற்றாமல் அப்படியே தைக்கலாம். முதல் முயற்சிக்கு என் பரிந்துரை இதுவே. இதைவிட மெல்லிய நூலுக்குச் செல்லும்போதுதான் லேஸ் உண்மையான கைவேலையை நெருங்கும். ஆனால் அப்போது டிசைனின் அளவையும் மாற்ற வேண்டும்.

எவ்வளவு மாற்றுவது? நூலின் எடை நான்கு மடங்கானால்தான் அதன் தடிமன் இரண்டு மடங்காகும். அதாவது தடிமன் எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 40ஆம் எண்ணிலிருந்து 60க்குச் சென்றால் 40ஐ 60ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 0.82 வரும். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள டிசைனை, தையல் எண்ணிக்கையை மாற்றாமல், 8.2 சென்டிமீட்டராகச் சுருக்கினால் நூலுக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம் முன்போலவே இருக்கும். மாறாக, ஐரிஷ் லேஸுக்காக 30ஆம் எண்ணுக்குச் சென்றால் 1.15 மடங்கு, அதாவது 11.5 சென்டிமீட்டராகப் பெருக்க வேண்டும். பெருக்காமல் தைத்தால் நூலின்மேல் நூல் ஏறி, ஊசி உடையும். மென்பொருளோ இயந்திரமோ அளவை மாற்றும்போது தையல்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இயங்கினால் இந்தக் கணக்கு வீணாகிவிடும். அதை அணைத்துவிட்டே அளவை மாற்றுங்கள்.

80/2 போன்ற மிக மெல்லிய நூலைப் பார்த்ததும் ஆசை வரும். சிறு பூக்களுக்கும் குழந்தைச் சட்டையின் கழுத்தோரத்துக்கும் அது பொருந்தும். ஆனால் பகுதிகள் ஒன்றோடொன்று இணையும் இடங்களில் சில தையல்களே விழும் டிசைனில் அந்த நூல் எடையைத் தாங்காது.

நான்காம் படி: முறுக்கையும் பிசிறையும் சோதித்தல்

தையல் இயந்திரத்துக்கான நூலின் புரிகள் கடைசிக் கட்டத்தில் இடப்புறமாக முறுக்கப்பட்டிருக்கும்; இதற்கு இசட் முறுக்கு என்று பெயர். எதிர் முறுக்கு கொண்ட நூலை இயந்திரத்தில் மாட்டினால், ஒவ்வொரு தையலிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, பஞ்சாகி அறுந்துவிடும். கைவேலைக்கான அழகிய நூல்கண்டைக் கண்டு மயங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்: நூலை இரு கைகளாலும் கிடையாகப் பிடித்து, வலக்கைக் கட்டைவிரலை மேலே வைத்து, நூலை உங்களை நோக்கி உருட்டுங்கள். புரிகள் இறுகினால் அது இயந்திரத்துக்கு ஏற்ற முறுக்கு. பிரிந்தால் கண்டைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பிறகு நூலை ஒரு கறுப்புத் துணியின்மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நீண்ட இழைப் பருத்தியில் நூற்ற நூலில் பிசிறு குறைவாக இருக்கும். எகிப்தின் பருத்திக்கு இந்தப் புகழ் உண்டு. கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கி 1974இல் வெளியிட்ட சுவின் பருத்தியும் அந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கதே.

மெர்சரைஸ்டு நூலா, சாதா நூலா என்ற கேள்விக்கு என் விடை திட்டவட்டமானது அல்ல. பருத்தியைக் காரத்தில் ஊறவைத்து, இழுத்துப் பிடித்துச் செய்யும் இந்தப் பதம் வலிமையையும் சாயம் பிடிக்கும் திறனையும் தருகிறது. கூடவே ஒரு மெல்லிய பளபளப்பையும் தருகிறது. அந்தப் பளபளப்பு ரேயானின் பளிச்சென்ற மினுக்கு அல்ல. நன்கு கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியின் மினுக்கு. இயந்திரத்தில் அறுபடாமல் ஓடுவதால் மெர்சரைஸ்டு நூலையே பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். பழைய லினன் லேஸின் முழு மங்கல் வேண்டுமென்றால் மட்டும் சாதாப் பருத்தியை எடுத்து, இயந்திரத்தை மெதுவாக ஓட்டுங்கள்.

ஐந்தாம் படி: நிறம்

கடையில் "வெள்ளை" என்று கொடுக்கப்படும் நூல் பலவற்றில் வெளிச்சத்தைக் கூட்டும் வேதிப்பொருள் சேர்ந்திருக்கும். வெயிலில் அது நீலம்பாரித்து ஒளிரும். பழைய லேஸ் அப்படி ஒளிராது. வெளுக்காத பருத்தி நிறம், தந்தநிறம், மிக இளமஞ்சள் ஆகியவையே நெருங்கிய தேர்வுகள். கடையின் குழல்விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பருத்தியைத் தேர்ந்தால் மற்றொரு வசதியும் உண்டு: தைத்து முடித்தபின் முழுத் துண்டையும் தேயிலை வடிநீரில் தோய்த்து நிறமேற்றலாம். மேல்நூலும் பாபின் நூலும் (இயந்திரத்தின் அடியில் உள்ள சிறு உருளையில் சுற்றிய நூல்) ஒரே பருத்தியாக இருந்தால் நிறம் சீராக ஏறும். கீழே பாலியஸ்டர் இருந்தால் அது வெள்ளையாகவே நின்று வேலையைக் கெடுத்துவிடும். பல ஆண்டுகள் காக்க வேண்டிய துண்டுக்குத் தேயிலை வேண்டாம். நிறமுள்ள நூலையே வாங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: பாபின் நூல்

சாதாரண எம்பிராய்டரியில் பாபின் நூல் அடியில் மறைந்துவிடும். அதனால் மெல்லிய வெள்ளைப் பாலியஸ்டர் போதும். லேஸுக்கு இரண்டு முகங்கள். ஆகவே மேலே போடும் அதே நூல், அதே கண்டின் நூல், பாபினிலும் இருக்க வேண்டும். ஒரு பெரிய துண்டு பல பாபின்களைத் தின்றுவிடும். தொடங்கும் முன்பே ஐந்தாறு பாபின்களை மெதுவாக, ஒரே சீராகச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றிய பாபினில் நூல் இழுபட்டு நின்று, தைத்தபின் சுருங்கும்.

இங்கே டென்ஷனையும், அதாவது நூலின் இறுக்கத்தையும், மாற்ற வேண்டும். துணியில் தைக்கும்போது மேல்நூல் சற்றுக் கீழே இழுபடுவதுபோல் வைத்திருப்போம். நெருக்கமாகப் பட்டைபோல் விழும் சாட்டின் தையலைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரியும். லேஸில் இரு பக்கமும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். வழக்கமான பாபின் நூலைவிடப் பருத்தி தடிப்பானது. அதனால் பாபின் கேஸில், அதாவது பாபினைத் தாங்கும் கூட்டில், அது இறுக்கமாக ஓடி, மேல்நூலைக் கீழே இழுக்கும். கேஸின் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, தைத்துப் பார்த்து, மறுபடி தளர்த்துங்கள். லேஸுக்கென்று இரண்டாவது பாபின் கேஸ் ஒன்றை வாங்கி, அதன்மேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் பழைய அமைப்பைத் தேடி அலைய வேண்டாம்.

ஏழாம் படி: ஊசியும் தாளும் வேகமும்

60ஆம் எண் நூலுக்கு 70/10 அல்லது 75/11 ஊசி, 50/2 பருத்திக்கு 75/11 அல்லது 80/12, 30ஆம் எண்ணுக்கு 90/14. பருத்தி அடிக்கடி அறுந்தால் டென்ஷனைத் தொடும் முன், கண் பெரிதாக உள்ள டாப்ஸ்டிச் ஊசியை மாட்டிப் பாருங்கள். தாளில் மெல்லிய பிளாஸ்டிக் போன்ற வகை வேண்டாம். துணிபோல் நாருள்ள கரையும் தாளை இரண்டு மடிப்பாக ஃப்ரேமில் முரசுபோல் இறுக்கிக் கட்டுங்கள். நிமிடத்துக்கு 500 முதல் 600 தையல் போதும். பருத்தி பஞ்சு உதிர்க்கும். பாபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹூக்கைச் சுற்றித் தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

எட்டாம் படி: மாதிரித் துண்டு

டிசைனின் ஒரு மூலையை மட்டும், ஒரு பூவும் அதைச் சுற்றிய வலைப்பகுதியும் இருக்குமாறு, தேர்ந்த நூலில் தைத்து, கரைத்து, காயவைத்த பிறகே முழுவேலையைத் தொடங்குங்கள். கரைப்பதற்கு முன் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தாள் இருக்கும்வரை எல்லா லேஸும் நேராகத்தான் நிற்கும்.

காய்ந்த மாதிரியை விரல்மேல் தொங்கவிடுங்கள். பலகைபோல் நீட்டிக்கொண்டு நின்றால் நூல் தடிப்பு, அல்லது டிசைன் சிறிது. வலை சரிந்து துளைகளின் வடிவம் கெட்டால் நூல் மெலிவு, அல்லது இணைப்புகள் போதவில்லை. விளிம்பு மட்டும் சுருண்டால் டென்ஷன் மிகுதி. எல்லாம் சரியாக இருந்தும் உயிரில்லாமல் தட்டையாகத் தோன்றினால், கைலேஸின் ஒரு பழைய உத்தியைப் பயன்படுத்தலாம். ஹானிட்டன் லேஸில் பூக்களின் ஓரத்தில் தடித்த நூல் ஒன்று ஓடும். அலான்சோனில் ஓரக்கோட்டுக்குள் குதிரைமயிரையே வைத்துத் தைத்தார்கள். அதுபோல வலையையும் இதழ்களின் உட்பகுதியையும் 60ஆம் எண்ணில் தைத்து, ஓரக்கோட்டை மட்டும் அதே நிறத்தின் 30ஆம் எண்ணில் தைத்தால் பூ வலையிலிருந்து எழுந்து நிற்கும். ஓரக்கோடு தனி நிறப்பகுதியாக உள்ள டிசைனில் இதைச் செய்வது எளிது. ஊசியை மாற்ற மட்டும் மறக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: கரைத்தலும் காயவைத்தலும்

ஓரத்தில் உள்ள தாளைக் கத்தரித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். தாளின் பசையைக் கொஞ்சம் விட்டுவைத்தால் லேஸ் விறைப்பாக நிற்கும். நட்சத்திரத் தொங்கல், கிண்ணம் போன்றவற்றுக்கு அது தேவை. உடுப்பில் வைக்கும் லேஸுக்கு முழுவதும் நீங்க வேண்டும். ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் மிச்சப்பசை மீண்டும் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும் என்பதால் அங்கே எதையும் விட்டுவைக்காதீர்கள். விரலிடையில் தேய்க்கும்போது வழுக்கல் சிறிதும் தெரியாவிட்டால் பசை போய்விட்டது.

பிழியாமல், துவாலையில் வைத்து ஒற்றி எடுங்கள். துணி சுற்றிய பலகையில் துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஒவ்வொரு வளைவையும் அதன் வடிவுக்கு இழுத்துக் குத்தி, நிழலில் காயவையுங்கள். காய்ந்தபின், முகப்பைத் துவாலையின் பக்கம் கவிழ்த்து, மேலே மெல்லிய துணியை விரித்து இஸ்திரி போட வேண்டும். முகப்பில் நேரடியாகப் பெட்டியை வைத்து அழுத்தினால் பருத்தி நூல் தட்டையாகி, மினுங்கத் தொடங்கும்.